குடங்களை எங்கே நின்று எடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றும் ஒன்பது பேர் நாங்கள். வருடத்துக்கு ஒரு முறை எங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டு படம் எடுப்போம். பிரிண்ட் போட்டு, யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்போம். பிறகு பிரியாணி. இந்த வருட விதி கொஞ்சம் கறாரானது. தினமும் தெருவில் கண்ணில் படும் ஒரே ஒரு பொருள், 12 படம், 12-ஐயும் ஒரே நிலையிலிருந்து எடுக்க வேண்டும். ஒன்றை மாடியிலிருந்தும் இன்னொன்றைத் தரையில் படுத்தும் எடுத்துக் கலந்துகட்டக் கூடாது.

நான் பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டேன். பொருளைத் தேர்ந்தெடுக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. எங்கே நிற்பது என்று முடிவெடுக்கத்தான் ஆறு வாரம் பிடித்தது.

இடம், வட சென்னையில் நண்பன் ஒருவனின் தெரு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் காய்ந்துபோய், ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது நினைவிருக்கும். அந்தக் கோடையில் நம் குடங்களின் வரிசையை உலகமே பார்த்தது. இப்போது அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் மே, ஜூனில் இந்தத் தெருவுக்கு வாரத்தில் மூன்று நாள் லாரித் தண்ணீர்தான். லாரி ஏழு மணிக்கு வரும் என்றால் ஆறு மணிக்கே குடங்கள் வந்து உட்கார்ந்துவிடும். வைத்தவர்கள் வீட்டுக்குள் போய் டீ போடுவார்கள், பிள்ளைகளை எழுப்புவார்கள். அந்த ஒரு மணி நேரம் தெருவில் முப்பது முப்பத்தைந்து குடங்கள் மட்டும்தான். பச்சை, நீலம், ஆரஞ்சு, ஊதா. நடுவில் ஒன்றிரண்டு எவர்சில்வர்.

நிற்பதற்கு எனக்கு நான்கு இடம் இருந்தது. எதிர்வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நேராகப் பார்க்கலாம். நண்பன் வீட்டு மூன்றாவது மாடியிலிருந்து கீழே பார்க்கலாம். வரிசையின் கோடியில் குந்திக்கொண்டு அதன் நீளத்தோடு பார்க்கலாம். தெருமுனை டீக்கடையில் நின்று, தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸில் இழுக்கலாம். நான்கையும் எடுத்துப் பார்த்தேன்.

எதிர்ச் சுவர்

முதலில் இதுதான் தோன்றியது. காரணம் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற ஜெர்மன் தம்பதி. 1959-ல் ஆரம்பித்துப் பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டிகள், எரிவாயுக் கலன்கள், இரும்பு ஆலைகளின் ஊதுலைகள் என்று தொழிற்சாலைக் கட்டுமானங்களையே படம் எடுத்தவர்கள். நேர் எதிரே நிற்பார்கள். மேகம் மூடிய நாளுக்காகக் காத்திருப்பார்கள், நிழல் விழக் கூடாது என்பதற்காக. படத்தில் ஆள் இருக்காது. ஒரே வகைத் தொட்டிகளை ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து என்று கட்டம் கட்டி மாட்டுவார்கள். 1990-ல் வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் இவர்களுக்குத் தங்கச் சிங்கம் விருது கொடுத்தபோது அதைச் சிற்பத்துக்கான பரிசாகக் கொடுத்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு அவர்கள் என்றால் தண்ணீர்க் குடத்துக்கு நான் என்று ஒரு மிதப்பு எனக்கு.

நேராக நின்று எடுப்பதில் பெரிய லாபம் ஒப்பிட முடிவது. எல்லாக் குடமும் ஒரே அளவில், ஒரே கோணத்தில் இருக்கும்போது வித்தியாசம் தானாகக் கண்ணில் படும். ஒன்றின் கழுத்தில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. இன்னொன்றின் வயிற்றில் பெயின்ட்டில் எழுதிய ‘ர’. மூன்றாவதன் வாயைச் சுற்றி பழைய புடவைக் கிழிசல். ஓட்டை விழுந்த இடத்தில் பிளாஸ்டிக்கைச் சூடுவைத்து உருக்கி அடைத்த கறுப்புத் தழும்பு ஒன்று. தூரத்திலிருந்து அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருந்தவை, கிட்டே போனால் ஒவ்வொன்றும் ஒரு வீட்டு ஆள்.

வெளிச்சத்துக்கும் பிரச்சினை இல்லை. மே மாதம் சென்னையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும் என்றாலும் இரண்டு பக்கமும் மூன்று மாடி எழும்பிய தெருவுக்குள் வெயில் இறங்க ஏழாகும். அதுவரை நிழலே இல்லாத சமமான வெளிச்சம். பெக்கர் தம்பதி நாள் கணக்கில் காத்திருந்தது இங்கே இலவசம்.

சிக்கல் தெருவின் அகலத்தில் இருக்கிறது. குடத்துக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே 12 அடி. மொபைலின் மெயின் கேமரா பெரும்பாலும் 24 எம்எம் பார்வை கொண்டது (இந்த எம்எம் எண் குறையக் குறையப் பார்வை அகலும்). 12 அடியிலிருந்து அதில் சுமார் 17 அடி அகலம் விழும். குடம் ஒன்று ஒரு அடி என்றால் 17 குடம், வரிசையில் பாதி. 50 எம்எம் லென்ஸ் மாட்டினால் எட்டுக் குடத்தோடு சரி. முழு வரிசையும் வேண்டுமென்றால் இன்னும் அகலமாகப் பார்க்கும் அல்ட்ரா வைட் போக வேண்டும். அங்கேதான் குடம் பழிவாங்கும்.

வைட் லென்ஸ் நேர்கோட்டை நேர்கோடாகக் காட்டும், அதற்குப் பதிலாக உருண்டையை இழுத்துவிடும். கட்டடம் எடுப்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. குடம் எடுப்பவனுக்கு முதல் படத்திலேயே தெரியும். 24 எம்எம் பார்வையில் ஓரத்தில் இருக்கும் குடம் நடுவில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு அகலமாக விழுந்தது. அல்ட்ரா வைட்டில் கேட்கவே வேண்டாம். ஓரக் குடங்கள் பூசணிக்காயாகிவிட்டன. ஒரே மாதிரி இருப்பதைக் காட்டத்தான் நேராக நிற்கிறோம், லென்ஸ் வந்து ஒன்றைக் குண்டாகவும் ஒன்றை ஒல்லியாகவும் காட்டினால் அந்த ஒப்பீட்டுக்கு என்ன மதிப்பு? பின்னால் போனால் சரியாகும். பின்னால் போக வேண்டுமென்றால் எதிர்வீட்டுக் கூடத்துக்குள் நிற்க வேண்டும். காலை ஆறு மணிக்கு யார் வீட்டுக் கூடத்திலும் கேமராவோடு நிற்க முடியாது.

எட்டு எட்டுக் குடமாகப் பிரித்து எடுக்கலாம் என்று 50 எம்எம்முக்கு மாறினேன். இங்கேதான் அந்தத் தப்பைச் செய்தேன்.

பேட்டர்ன் என்றால் ஒன்று திரும்பத் திரும்ப வர வேண்டும், எங்கோ ஓரிடத்தில் அது உடைய வேண்டும். என் ஃபிரேமில் பச்சை, நீலம், பச்சை, நீலம், பச்சை, ஊதா, நீலம், கடைசியில் மஞ்சள். மஞ்சள் ஓரத்தில் கிடந்து வீணாகிறது. இரண்டு குடம் தள்ளி இந்தப் பக்கம் வந்தால் கண் அங்கே போய் நிற்கும். சுற்றிலும் பார்த்தேன், யாருமில்லை. காலிக் குடம்தானே என்று தூக்கி மாற்றி வைத்துவிட்டு எதிர்ச் சுவருக்கு வந்தேன். கேமராவைக் கண்ணில் வைப்பதற்குள் மேலே ஜன்னலிலிருந்து குரல்.

“தம்பி, எந்தக் கொடத்தத் தொட்ட நீ?”

“போட்டோவுக்குக்கா. ரெண்டே நிமிஷம், திருப்பி வெச்சிடறேன்.”

“நீ ரெண்டு நிமிஷத்துல போய்டுவ. அதுக்குள்ள அந்த வூட்டம்மா வந்து பாத்தா? நான்தான் நகத்திக்கினேன்னு சொல்லும். போன வாரமே இதுக்குப் பெரிய சண்ட.”

அக்கா இறங்கி வந்தார். கையில் கரண்டி. லாரி நிற்கும் பக்கத்திலிருந்து கரண்டியாலேயே எண்ணிக்கொண்டு வந்தார். “ஆறு அவங்க, ஏழு அவங்க, எட்டு நானு.” மஞ்சள் குடத்தைத் தூக்கி அதன் இடத்தில் வைத்து, வாயில் ஒரு தட்டுத் தட்டி உட்காரவைத்துவிட்டுப் போனார். போகும்போது, “போட்டோக்கு வெச்ச கொடம் இல்லப்பா அது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சின்னப் பையனுக்குச் சொல்வது போலச் சொன்னார்.

அன்றைக்கு எடுத்த படங்களை வீட்டுக்கு வந்து பார்த்தபோது ஒன்று உறைத்தது. அக்காவுக்கு அது முதல், இரண்டு, மூன்று. என் படத்தில் அந்த எண் எங்கேயும் இல்லை. நேராக எடுத்த படத்தில் வரிசைக்குத் தலை எது வால் எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா? பரண்மேல் அடுக்கிய குடங்கள் என்று சொன்னாலும் நம்பிவிடுவார்கள்.

மொட்டை மாடி

அழகு என்று பார்த்தால் நான்கில் இதற்குத்தான் முதலிடம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மேலிருந்து பார்த்தால் குடம் வட்டமாகிவிடும், வட்டத்துக்குள் வாயின் கறுப்பு வட்டம். எங்கள் அம்மா கோலப் புத்தகத்தைப் பார்த்துப் புள்ளி வைப்பார்: 15 புள்ளி, 8 வரை, ஊடு புள்ளி. ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசையின் புள்ளி வந்து உட்காரும். தெருவில் இடம் போதாமல் இரட்டை வரிசையாகக் குடம் வைக்கும் நாட்களில் அப்படியே ஊடு புள்ளிதான். இரண்டு குடத்தின் இடுக்கில் பின்வரிசைக் குடத்தின் வயிறு தானாகப் போய்ச் செருகிக்கொள்ளும். யாரும் யோசித்து வைத்ததில்லை, உருண்டைகளை நெருக்கி வைத்தால் அப்படித்தான் அமையும்.

மேலிருந்து பார்ப்பதற்கென்று வாதாடியவர்களும் உண்டு. 1920-களின் மாஸ்கோவில் அலெக்சாண்டர் ரோட்சென்கோ என்ற புகைப்படக் கலைஞர், தொப்புள் உயரத்தில் கேமராவைப் பிடித்து நேராக எடுத்துக்கொண்டே இருப்பதை விடுங்கள், மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பாருங்கள் என்று சண்டை போட்டார். தன் கட்டடத்தின் பால்கனிகளையே கீழே நின்று அண்ணாந்து எடுத்து ஏணிப்படிகள் போல ஆக்கிக் காட்டினார். தினமும் பார்க்கும் பொருளைப் புதிதாகப் பார்க்க வைக்க அது நல்ல வழி.

நடைமுறையில் தொல்லைகள் உண்டு. மாடியிலிருந்து 35 அடி. நேர் கீழே பார்க்க வேண்டுமென்றால் கைப்பிடிச் சுவருக்கு வெளியே கையை நீட்ட வேண்டும். போனை மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டுதான் செய்தேன். கொஞ்சம் சாய்ந்தாலும் குடத்தின் பக்கவாட்டு வயிறு தெரிந்து வட்டம் கெட்டுவிடும். குறுக்கே கேபிள் டிவி வயர், இன்டர்நெட் வயர், எதற்கென்றே தெரியாத இன்னும் நான்கு வயர். 24 எம்எம்மில் எல்லாம் விழும், 2 மடங்கு ஜூமில் ஒரு வயரைத் தப்பிக்கலாம். ட்ரோன் வாங்கலாமே என்றான் நண்பன். வாசல் கதவு திறந்திருக்கும், பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருக்கும் தெருவில் ட்ரோனை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு முன்னாலேயே அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

வயரையெல்லாம் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது, குடம் குடமாக இல்லாமல் போவது. கழுத்து போயிற்று, உயரம் போயிற்று, இடுப்பில் வைக்கத் தோதாக வளைந்த அந்த வயிறு போயிற்று. ஆளும் அடிவானமும் இல்லாததால் அளவும் தெரியாது. என் அக்கா மகளிடம் காட்டினேன். “கேரம் காயா மாமா?” என்றாள். அவள் மேல் தப்பில்லை.

வரிசையின் வால்

மூன்றாவது இடத்துக்கு வருவதற்கு முன் ஒரு விஷயத்தைப் பேசிவிடுகிறேன். எங்கள் ஒன்பது பேரிலேயே இதில் குழப்பம் இருக்கிறது. ‘வைட் லென்ஸ் பெர்ஸ்பெக்டிவைக் கூட்டும், டெலி குறைக்கும்’ என்று எல்லோரும் சொல்வோம். பெர்ஸ்பெக்டிவ் என்றால் கிட்டே இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சிறிதாகவும் தெரிவது. உண்மையில் லென்ஸுக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தமில்லை. எங்கே நிற்கிறோம் என்பதுதான் கணக்கு. 3 அடியில் ஒரு குடமும் 30 அடியில் ஒரு குடமும் இருந்தால் தூரத்துக் குடம் பத்தில் ஒரு பங்காகத் தெரியும். எந்த லென்ஸ் மாட்டினாலும் இந்த விகிதம் மாறாது. நீங்கள் 57 அடி பின்னால் போனால் அதே குடங்கள் 60 அடியிலும் 87 அடியிலும் இருக்கும், விகிதம் ஒன்றுக்கு ஒன்றரைகூட வராது. பின்னால் போனவன் பெரிதாக்கிப் பார்க்க டெலி மாட்டுகிறான், பழி லென்ஸ் மேல் விழுகிறது.

டெலியை இத்தோடு முடித்துவிடலாம். டீக்கடையில் நின்று 200 எம்எம்மில் எடுத்தால் குடத்தின் மேல் குடம் ஒட்டி நிறங்கள் மட்டும் பட்டை பட்டையாக விழும். நியூயார்க்கின் சால் லைட்டர் நீள லென்ஸ்களில் தெருவை இப்படி நிறத் திட்டுகளாக்கியவர், அந்தப் படங்கள் மேல் எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் இந்தத் தெருவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே மூன்று ஆட்டோ, ஒரு பால் வண்டி. தவிரவும் 80 அடி தள்ளி நின்று அடுத்தவர் வாசலை இழுத்துப் பார்ப்பது எனக்கு ஒட்டவில்லை. கரண்டியோடு இறங்கி வந்து கேட்பதற்குக்கூட அந்த அக்காவுக்கு அங்கே வழியில்லை.

வரிசையின் நீளத்தோடு பார்ப்பதில்தான் தேர்ந்தெடுக்க வேண்டியவை நிறைய. எந்தக் கோடியில் உட்காருவது என்பது முதல் கேள்வி. தலைப்பக்கம் உட்கார்ந்தால் முதல் குடம் பெரிதாக, ராஜா மாதிரி நிற்கும், மற்றவை அதன் பின்னால் சிறுத்துக்கொண்டே போகும். ஆனால் லாரி என் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. எதற்காக இத்தனை குடம் என்பது படத்தில் இல்லை. வால் பக்கம் உட்கார்ந்தால் கடைசிக் குடம் பெரிது, முப்பது குடம் தாண்டித் தெருக்கோடியில் லாரி நெருப்புப்பெட்டி அளவுக்கு வரும். இப்போதுதான் குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நிமிர்கிறவருக்குத் தெரு அப்படித்தான் தெரியும். நான் வாலைத் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்து உயரம். இதில்தான் நாலு நாள் போயிற்று.

தரையோடு தரையாக வைத்துப் பார்த்தேன். அமெரிக்காவின் வில்லியம் எகிள்ஸ்டன் மெம்ஃபிஸில் ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளை அப்படித் தரைமட்டத்திலிருந்து எடுத்திருக்கிறார். பின்னால் இருக்கும் வீடும் காரும் அந்தச் சைக்கிளுக்குக் கீழே அடங்கி நிற்கும். ஒற்றைப் பொருளுக்கு அது அபாரம். வரிசைக்கு உதவாது. கிட்டே இருக்கும் குடம் கோபுரம் மாதிரி எழும்பிப் பின்னால் இருப்பதையெல்லாம் விழுங்கிவிடுகிறது.

குடத்தின் வாய் உயரத்துக்கு, அதாவது ஒன்றேகால் அடிக்கு, கேமராவை ஏற்றியபோது ஒரு வேடிக்கை நடந்தது. கிட்டே இருக்கும் குடத்திலிருந்து கோடிக் குடம் வரை எல்லா வாயும் ஒரே படுக்கைக் கோட்டில் வந்து நின்றன. அடிப்பாகம் மட்டும் தூரம் போகப்போக மேலே ஏறிக்கொண்டே போய் அந்தக் கோட்டில் முட்டுகிறது. சமதளத்தில் அடிவானம் எப்போதும் கேமராவின் உயரத்தில்தான் விழும். அதனால் அந்த உயரத்தில் இருக்கும் எதையும், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், அந்த ஒரே கோடு தொட்டுக்கொண்டு போகும். பாடமாகப் படித்ததைக் குடத்தில் பார்த்தபோது சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தது. ஆனால் படம் சப்பை. வாய்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, எத்தனை குடம் என்றே எண்ண முடியவில்லை.

நின்றுகொண்டு ஐந்தடியிலிருந்து எடுத்தால் எண்ணலாம். ஆனால் அது தெருவில் போகிறவர் பார்வை, குடங்கள் காலடியில் கிடக்கின்றன.

நண்பன் வீட்டில் பலாக்கட்டை மணை ஒன்று இருந்தது. அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேமராவை நெஞ்சுக்கு முன்னால் வைத்தேன். அளந்தால் இரண்டரை அடி. குடத்தின் உயரம் ஒன்றேகால் அடி என்பதால், அடிவானக் கோட்டுக்கும் எந்தக் குடத்தின் வாய்க்கும் நடுவே சரியாக இன்னொரு குடம் அளவுக்கு இடம் கிடைக்கிறது, கிட்டே இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும். அந்த இடைவெளியில் வாய்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிந்தன. பதினைந்தாவது குடம் வரை விரல் வைத்து எண்ணலாம். அதற்கு மேல் நிறம் மட்டும்.

கேமராவா மொபைலா என்று இதில் பெரிய விவாதம் வேண்டாம். கேமராவில் 28 எம்எம் லென்ஸில் துளையைச் சுருக்கி எஃப்11 வைத்து 8 அடியில் ஃபோகஸ் செய்தால் 4 அடியிலிருந்து தெருக்கோடி வரை தெளிவாக விழும். ஆனால் காலை ஆறே காலுக்கு அந்த வெளிச்சத்தில் எஃப்11 என்றால் ஐஎஸ்ஓவை, அதாவது குறைந்த வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அமைப்பை, நன்றாக ஏற்ற வேண்டும், படம் மணல் மணலாகும். மொபைலில் சென்சார் சின்னது என்பதால் முன்னும் பின்னும் தானாகத் தெளிவு. போர்ட்ரெய்ட் மோடை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஐந்தாவது குடத்தின் பாதி வயிற்றை மங்கலாக்கிவிடும். நான் மொபைலில்தான் எடுக்கிறேன். கறுப்பு வெள்ளையும் முயன்றேன். பச்சைக் குடமும் சிவப்புக் குடமும் ஒரே சாம்பலாக வந்து நின்றன. அன்றோடு விட்டேன்.

நான்கு பிரிண்ட்

முடிவெடுப்பதற்கு முன் நான்கு இடத்திலிருந்தும் ஒவ்வொரு படம் பிரிண்ட் போட்டு அந்த அக்காவிடம் எடுத்துக்கொண்டு போனேன். மஞ்சள் குடத்துக்காக ஒரு மன்னிப்பும் பாக்கி இருந்தது.

மாடிப் படத்தைப் பார்த்து “நல்லா கீதுப்பா, கோலமாட்டம்” என்று சொல்லிவிட்டுக் கீழே வைத்தார். டெலி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எது மேல் எது கீழ் என்று பிடிபடவில்லை. நேராக எடுத்த படம் வந்ததும் விரல் நேராகத் தன் குடத்தில் போய் நின்றது. “இதோ என்னுது. பொட்டு வெச்சிக்கிறேன் பாரு.” பக்கத்துக் குடங்கள் யார் யாருடையவை என்றும் சொன்னார். ஒரு குடத்தைக் காட்டி, அதன் சொந்தக்காரர்கள் வாடகை ஏறிப்போய் மாதவரம் பக்கம் போய்விட்டார்கள் என்றார். எதிர்ச் சுவரின் பலம் எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. யாருடைய குடம் என்ற கேள்விக்கு அதை விட்டால் வேறு இடம் கிடையாது.

வால் பக்கத்துப் படத்தைக் கையில் வாங்கியதும் பேச்சு நின்றது. உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து, “அன்னிக்கு எனக்கு முன்னாடி பதினொண்ணு. எனக்கு அப்புறம் ரெண்டு பேருக்குத்தான் கெடச்சிது. லாரி தீந்துபோச்சு” என்றார். படத்தில் லாரி இன்னும் வந்து நிற்கும் நிலையில்தான் இருந்தது. தீர்ந்துபோனது படத்துக்குப் பிறகு நடந்தது. அவர் அதையும் சேர்த்துப் படித்தார்.

அந்த நான்கு பிரிண்டையும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் மனசுக்குள் மல்லுக்கட்டினேன். நேர்ப் படத்தை விட மனசே வரவில்லை. அந்த நெயில் பாலிஷ் பொட்டும், உருக்கி அடைத்த தழும்பும் வால் பக்கத்திலிருந்து தெரியாது, கடைசிக் குடத்தில் இருந்தால் மட்டும் தெரியும். பிறகுதான் அதுவே வழியாகத் தோன்றியது. ஒவ்வொரு நாளும் கடைசிக் குடம் வேறு ஆளுடையது. 12 நாள் எடுத்தால் 12 கடைசிக் குடம் கிட்டத்தில் நிற்கும், ஒவ்வொன்றின் பொட்டும் தழும்பும் துணியும் தெரியும், பின்னால் வரிசையும் அப்படியே இருக்கும். வாலில் உட்காருவது என்று முடிவானது.

இதே முடிவை மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். எங்கள் குழுவில் ஒருவர் பாதாளச் சாக்கடை மூடிகளை எடுக்கிறார், அவர் நேர் கீழே பார்க்காமல் வேறு என்ன செய்வார்? பழைய வீடுகளின் ஜன்னல் கிரில் எடுக்கும் தோழி எதிர்ச் சுவர் கட்சி. அவருக்குத் தலையும் வாலும் தேவையில்லை, மயிலும் தாமரையும் சூரியனும் கம்பியில் எப்படி வளைகின்றன என்பதுதான் வேண்டும், அதை நேராகத்தான் பார்க்க வேண்டும். ரயில்வே ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டை எடுப்பவன் டெலியில் ஹேண்டில்பார்களை மான் கொம்புக் கூட்டமாக்கிவிட்டான். பொறாமையாக இருக்கிறது. டீ கிளாஸ் எடுக்கிறேன் என்று சொன்னவர் இன்னும் ஒரு படமும் எடுக்கவில்லை, டீ மட்டும் குடித்துக்கொண்டிருக்கிறார்.

வால் பக்கத்தில் நான் எதிர்பார்க்காத தொல்லை ஒன்று உண்டு. எதிர்ச் சுவரும் மாடியும் அசையாது. வால் அசையும். மணையைப் போட்டு, உயரம் பார்த்து, கடைசிக் குடத்தின் வாயை ஃபிரேமின் இடது மூலைக்குக் கொண்டுவந்து, லாரி வரட்டும் என்று காத்திருந்தால், பின்னாலிருந்து ஒருவர் வந்து எனக்கும் கடைசிக் குடத்துக்கும் நடுவே தன் குடத்தை வைப்பார். எழுந்து, மணையை ஒரு அடி பின்னால் தள்ளி, மறுபடி முதலிலிருந்து. ஒரு காலையில் ஏழெட்டு முறை.

போன வியாழக்கிழமை ஒன்பதாவது படத்துக்கு உட்கார்ந்திருந்தேன். இடுப்பில் ஊதா நிறக் குடத்தோடு ஒரு பையன், ஆறாவதோ ஏழாவதோ படிக்கலாம், பக்கத்தில் வந்து நின்றான். என்னைப் பார்த்தான், மணையைப் பார்த்தான், முன்னால் இருந்த வரிசையைப் பார்த்தான்.

“அண்ணா, நீங்க லைன்லயா?”

பதில் சொல்வதற்குள் எனக்குப் பின்னால் குடத்தை வைத்துவிட்டு ஓடிவிட்டான்.